நான்காம் பக்கத்தில் ஒரு பிழை

தேர்வறைக்கு நாற்காலி தேர்ந்தெடுப்பது லேசான காரியம் இல்லை. பார்ப்பதற்கு எல்லா நாற்காலியும் ஒன்றுதான். ஆனால் அதில் உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் குனிந்து, நோயாளியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கும் நேரத்தில் அது ஒரு சின்ன முனகல் போட்டால் போதும், இதயம் சொல்வதில் பாதி அதில் மறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆண்டும் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே துறையில் உள்ள நாற்காலிகளில் எல்லாம் உட்கார்ந்து பார்த்து, சத்தம் போடாத நான்கைப் பொறுக்கித் தனியே வைப்பேன். நான்கின் முதுகிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுவேன். யாரும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது அல்லவா.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரு வரி. நான் பல பக்கம் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் அறுவை சிகிச்சைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பொது மருத்துவத்தின் முதுநிலைத் தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரியாமல், ஏழாம் அறையில் தையல்காரர் எப்படி இறந்தார் என்பது புரியாது. என் கூடப் படித்தவள் ஒருத்தி அந்த மரணத்துக்குப் பொறுப்பாளியாக ஐந்து வாரமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதுகிற விஷயம் அதைப் பற்றியது.

எங்கள் தேர்வில் எழுத்துப் பகுதி சுலபமானது. படித்தால் தேறலாம். நான் மூன்று முறையும் எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவன். கஷ்டமானது செய்முறை, அதிலும் லாங் கேஸ். ஓர் அறையில் உண்மையான நோயாளி ஒருவர் இருப்பார். தேர்வு எழுதும் மருத்துவர் உள்ளே போவார். கையில் ஸ்டெதஸ்கோப், டார்ச், சுத்தியல், நாடா, காகிதம், கைக்கடிகாரம். கைபேசி கிடையாது. நோயாளிக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் அவரோடு பேசி, தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, கேட்டு, எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுத வேண்டும். மணி அடித்ததும் தேர்வாளர்கள் இருவர் உள்ளே வந்து அரை மணி நேரம் துருவுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் உள்ளே போகக் கூடாது. மருத்துவர் கதவைத் திறந்து வெளியே வந்தால், அவர் முடித்துவிட்டார் என்று கொள்ளப்படும்.

நான்கு அறை, நான்கு நோயாளி, நான்கு பேர். வெளியே ஒரு மேசை, ஒரு பித்தளை மணி, ஒரு கடிகாரம். அந்த மேசையில் உட்காருகிறவன் தேர்வு ஒருங்கிணைப்பாளர். நான்கு ஆண்டுகளாக அது நான். நோயாளிகளைப் பொறுக்குவது, மூன்று நாள் முன்பே வார்டில் சேர்ப்பது, அறை ஒதுக்குவது, விடைத்தாளை வாங்கி உறையில் போட்டு முத்திரை வைப்பது எல்லாம் என் வேலை. இன்னொன்றும் உண்டு. நோயாளியின் பழைய சிகிச்சைச் சீட்டை வார்டில் வைத்தால் தேர்வு எழுதுகிறவர்கள் யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்கள். அதனால் அதை என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, என்னென்ன மாத்திரை தர வேண்டும் என்று மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் பெயர்த்து எழுதி நர்ஸிடம் கொடுப்பேன். அவர்கள் அதைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள். அந்தச் சீட்டில் இல்லாதது நோயாளிக்குக் கிடையாது.

தையல்காரர் எங்கள் தேர்வுக்கு ஆறு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தவர். இதயத்தின் இடது பக்கத்தில் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே உள்ள வால்வு அவருக்கு ஒடுங்கிப்போயிருந்தது. அறுவை சிகிச்சை என்றால் பயம். மாத்திரையிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். தேர்வுக்கு அழைத்தால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார். "எத்தனை டாக்டருங்கள நான் பாஸ் பண்ண வச்சிருக்கேன் தெரியுமா? உங்க புரொபசரை விட எனக்கு சிஷ்யப் பிள்ளைங்க ஜாஸ்தி" என்பார். நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. அவர் சொல்லமாட்டார். ஆனால் அவருக்குப் பிடித்துவிட்டால் ஒரு வேலை செய்வார். மருத்துவர் தடுமாறுகிறார் என்று தெரிந்ததும், ஏதோ தனக்கு முதுகு வலிப்பது போல, "இடது பக்கமா சாயட்டுமா டாக்டர்?" என்று கேட்பார். அந்த நோயின் ஓசை இடது பக்கம் சாய்ந்து படுத்தால்தான் நன்றாகக் கேட்கும். அந்த ஒரு கேள்வியில் பாதித் தேர்வு முடிந்துவிடும். தேர்வாளர்களுக்கும் இது தெரியும். சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

இனி அவளைப் பற்றி. நாங்கள் ஒரே நாளில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தோம். என்னைப் புத்தகம் என்று கூப்பிட்டார்கள். அவளைக் காது என்று கூப்பிட்டார்கள். சேர்ந்த இரண்டாம் மாதம், பேராசிரியர் ஒன்றுமில்லை என்று தாண்டிப் போன ஒரு பெண்ணின் மார்பில் அவள் ஏதோ கேட்கிறது என்றாள். இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பெயர்.

அவளுக்கு ஏன் அப்படி ஓசை எழுகிறது என்று தெரியாது. கேன்டீனில் என்னிடம் வந்து கேட்பாள். நான் சர்க்கரை டப்பாவையும் ஸ்ட்ராவையும் வைத்து ரத்தம் எப்படி ஓடுகிறது, எங்கே சுழல்கிறது, எந்தச் சுழல் எந்த ஓசையாகிறது என்று காட்டுவேன். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. ஒரு நாள் வார்டில் அவள் தன் ஸ்டெதஸ்கோப்பை நோயாளியின் மார்பில் சரியான இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை என் காதில் மாட்டினாள்.

"இதோ பாரு, நீ நேத்து சொன்னியே, அதேதான். கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

எனக்குக் கேட்கவில்லை. லப், டப், லப், டப். அவ்வளவுதான். டப்புக்கும் அடுத்த லப்புக்கும் நடுவே ஓர் உறுமல் இருக்க வேண்டும், மர்மர் என்போம். தூரத்தில் வண்டி உருளுவது போல இருக்கும் என்கிறார்கள். அதன் நீளம், அதன் அதிர்வெண், அது ஏன் கடைசியில் கொஞ்சம் உயர்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். காகிதத்தில் வரைந்து காட்டுவேன். அதை ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று முறை செய்முறையில் தோற்றேன். மூன்றாவது முறை எனக்கு வந்தவர் தையல்காரர். நாற்பது நிமிடம் அவரிடம் விவரமாகக் கேள்வி கேட்டேன். மிச்ச நேரத்தில் மார்பில் வைத்துக் கேட்டேன். லப், டப். அவர் இடது பக்கம் சாயட்டுமா என்று கேட்கவில்லை. தேர்வாளர், "மர்மர் கேட்டதா?" என்றார். கேட்டது என்றேன். "எந்த இடத்தில? கை வச்சுக் காட்டு" என்றார். காட்டினேன். அது வேறு வால்வின் இடம்; அவர் பேனாவை மூடினார்.

அடுத்த ஆண்டு ஒருங்கிணைப்பாளராகி அவரைத் தேர்வுக்கு அழைக்கப் போனபோது, விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டேன். "எனக்கு மட்டும் ஏன் சாயல நீங்க?"

அவர் பட்டனுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். "நீங்க எங்க டாக்டர் எடம் விட்டீங்க? பேசிக்கிட்டே இருந்தீங்களே. நான் வாயத் தொறந்தா அதையும் நீங்களே விளக்கிருவீங்கன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவள் அதற்குள் கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு பிரசவம் என்று படிப்பை நிறுத்திப் போயிருந்தாள். முதுநிலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுக்குள், மூன்று முயற்சிக்குள் தேற வேண்டும் என்பது விதி. எனக்கு மூன்று வாய்ப்பு முடிந்து கதவு மூடிவிட்டது. ஒன்பதாவது ஆண்டில், இன்னும் ஒரே ஒரு தேர்வு பாக்கி இருக்கும்போது, அவள் திரும்பி வந்தாள். தேறினால் நிபுணர். தேறாவிட்டால் என்னைப் போல அடுத்தவர்களுக்கு மணி அடிக்கலாம்.

"டேய் புத்தகம், இன்னும் உன்னை லைப்ரரியிலிருந்து யாரும் எடுத்துட்டுப் போகலையா?" என்றுதான் முதல் நாள் கேன்டீனில் வந்து உட்கார்ந்தாள்.

"காது துருப்பிடிச்சிருக்குமே."

"ரெண்டு வாலுங்க கத்துற கத்துல செவிடாகாம இருந்தாப் போதும். தியரி எல்லாம் மறந்துபோச்சுடா. ஒரு மாசம் சொல்லிக்கொடேன்."

சொல்லிக்கொடுத்தேன். தினமும் சாயங்காலம் ஐந்தரை முதல் ஆறரை வரை. ஒரு மாதத்தில் ஒன்பது ஆண்டுப் பாடத்தையும் உறிஞ்சிக்கொண்டாள். கடைசி நாள், நோட்டை மூடிவிட்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உன்னை மாதிரி யாராலயும் சொல்லித்தர முடியாதுடா. நீ எப்படிடா ஃபெயிலான?"

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா போனில், "அந்தப் பொண்ணு திரும்பி வந்துட்டாளாமே? ரெண்டு பிள்ளையைப் பெத்துப் போட்டுட்டு வந்து ஒரே தாவுல தாவிருவா பாரு. நீ கூடவே இருந்து தாங்கிப் பிடி" என்றாள். அம்மாவும் குத்திக்காட்டவில்லை. சப்பாத்திக் கட்டையில் மாவு தேய்ப்பது போல அவளுக்கு அது சாதாரணமாக வரும்.

ஒருங்கிணைப்பாளராக வருகிறவர் ஒரு படிவம் பூர்த்தி செய்ய வேண்டும். தேர்வு எழுதுபவர்களில் இரத்த உறவு உண்டா, மண உறவு உண்டா, கொடுக்கல் வாங்கல் உண்டா என்று கேட்டிருப்பார்கள். இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினேன். மூன்றும் உண்மை. பொறாமை உண்டா என்று கேட்க அதில் இடமில்லை. கேட்டிருந்தால் நான் உண்மையைத்தான் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

தேர்வு எண்ணின் வரிசைப்படிதான் அறை. அவளுக்கு எந்த அறை என்பது எனக்கு முன்பே தெரியும். ஏழாம் அறை வராந்தாவின் கோடியில், கடைசிச் சுவரோரம் போட்ட என் மேசைக்கு முந்தியதாக இருக்கிறது. முன்பு அங்கே பழைய சீட்டுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். சுவரில் ஆக்சிஜன் குழாய் கிடையாது. நர்ஸ் மேசையிலிருந்து நாற்பத்திரண்டு தப்படி. மற்ற ஆண்டுகளில் தையல்காரருக்கு நர்ஸ் மேசைக்கு எதிரில் உள்ள நாலாம் அறையைத்தான் கொடுப்பேன். இந்த முறை ஏழாம் அறையைக் கொடுத்தேன். அமைதியான அறை, இதய நோயாளிக்கு அதுதான் பொருத்தம் என்று பதிவேட்டில் எழுதினேன். அதுவும் உண்மை.

இப்போது வால்வைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது. வெளியேறும் கதவு ஒடுங்கியது. கதவு நிதானமாகத் திறந்து, நெடுநேரம் திறந்திருந்தால், ஒடுங்கிய கதவு வழியாகக்கூட எல்லோரும் போய்விடுவார்கள். போகும்போது எழும் உரசல்தான் நான் சொன்ன மர்மர். கதவு படபடவென்று திறந்து மூடத் தொடங்கினால் இரண்டு விஷயம் நடக்கும். உரசல் ஓசை குறுகிப்போய் அடுத்த துடிப்போடு ஒட்டிக்கொள்ளும், யாருக்கும் கேட்காது. இது ஒன்று. வெளியேற முடியாத கூட்டம் பின்னால் தேங்கும். மண்டபத்துக்குப் பின்னால் இருப்பது நுரையீரல். இது இரண்டு.

தையல்காரர் ஐந்து மாத்திரை சாப்பிடுகிறவர். அதில் ஒன்று துடிப்பை நிதானப்படுத்துவது. இன்னொன்று தேங்கும் நீரைச் சிறுநீராகப் போக்குவது. துண்டுச் சீட்டில் நான் மூன்று மாத்திரைகளைப் பெயர்த்து எழுதினேன்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த ஓசை மறைவது மட்டும்தான். அவளும் அங்கே உட்கார்ந்து லப், டப் என்று மட்டும் கேட்க வேண்டும். தேர்வாளர் கேட்கும்போது அவளும் பொய் சொல்ல வேண்டும், அல்லது தெரியாது என்று சொல்ல வேண்டும். அது எப்படி இருக்கும் என்று ஒருத்தருக்காவது தெரிந்தால் எனக்குப் போதும். அதற்கு முதல் மாத்திரையை நிறுத்தினால் போதுமே, நீர் மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றை மட்டும் நிறுத்தியிருந்தால் அரைகுறை வேலையாக எனக்கே தோன்றியிருக்கும்.

முதல் நாள் மாலை நர்ஸ் கேட்டார். "சார், இவருக்கு நீர் மாத்திரை உண்டே? போன வருஷம் நான்தானே குடுத்தேன்."

"சேர்த்து எழுதித் தர்றேன் சிஸ்டர்" என்றேன்.

இரண்டாம் நாள் தையல்காரர் கேட்டார். "டாக்டர், அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையும் வரல, மஞ்சளும் வரல. நாலு பேஷன்ட்டைக் கட்டி மேய்க்கிறதுல மறந்துட்டீங்க போல."

"பாக்கறேன்" என்றேன்.

"மெதுவாப் பாருங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல."

தேர்வு நாள் காலை எட்டே காலுக்கு அவரை நானே ஏழாம் அறைக்கு அழைத்துப் போனேன். சக்கர நாற்காலி கேட்கவில்லை, நடந்தே வந்தார். நடுவில் இரண்டு முறை நின்றார். "வயசாகுது டாக்டர். அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துருங்க" என்றார். கட்டிலில் உட்கார வைத்து நாடி பார்த்தேன். நிமிடத்துக்கு நூற்று முப்பது, தாறுமாறாக. நான் எதிர்பார்த்த எண்ணுக்கு மிக அருகில் இருந்தது. அதில் எனக்கு ஒரு திருப்தி ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை.

ஒன்பது மணிக்கு மணி அடித்தேன். அவள் போகும்போது என் மேசையில் இரண்டு விரலால் தட்டிவிட்டுப் போனாள். கதவு மூடியது.

ஒன்பது இருபத்து நாலுக்குக் கதவு திறந்தது. அவள் பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே.

"டேய், இவருக்கு மூச்சு வாங்குது. நுரையீரல்ல தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. ஆக்சிஜன், ட்ராலி, நீர் பிரியற ஊசி. சீக்கிரம் சொல்லு."

"வெளிய வந்தா முடிஞ்சதுன்னு அர்த்தம். தெரியும்ல?"

"முடிஞ்சா முடியட்டும்டா. இதான் கடைசி சான்ஸ்னு எனக்குத் தெரியாதா? போ."

"நீ அவரை விட்டுட்டு வராதே. உள்ள இரு. நான் போய்ச் சொல்றேன்" என்றேன்.

அது சரியான அறிவுரை. மூச்சு முட்டுகிறவரைத் தனியே விட்டு மருத்துவர் ஓடக் கூடாது. அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். ஒன்பது ஆண்டுகளில் நான் சொன்ன எதையும் அவள் சந்தேகப்பட்டதில்லை.

நான் எழுந்தேன். நர்ஸ் மேசையை நோக்கி நடக்கவும் தொடங்கினேன் என்றுதான் நினைக்கிறேன். ஏழாம் அறைக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருந்ததால் உள்ளே தெரியாது. விசிறி ஓடாததால் நன்றாகக் கேட்கும். அந்த விசிறி கடகடக்கும் என்று நான்தான் நிறுத்தச் சொல்லியிருந்தேன். அவள் அவரை நிமிர்த்தி உட்கார வைக்கிற சத்தம் கேட்டது. இருமல் கேட்டது. பிறகு அவர் குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு இழுத்து:

"இன்னும்... கேக்கலியாம்மா? இடது பக்கமா... சாயட்டுமா?"

"கேட்டாச்சுய்யா. எல்லாம் கேட்டாச்சு. நீங்க பேசாதீங்க" என்றாள்.

நான் நின்றுவிட்டேன்.

மூச்சே இல்லாத நேரத்தில் அவர் அவளுக்கு அதைக் கொடுத்தார். எனக்கு நாற்பது நிமிடம் முழு மூச்சோடு உட்கார்ந்திருந்தும் கொடுக்கவில்லை. அவளோ, கேட்டாச்சு என்று சொல்கிறாள். எனக்கு அந்தக் குரல் தெரியும் என்று நினைத்தேன். ஒன்பது ஆண்டுகளாக நான் சொல்லிவந்த "கேட்டது" அது. அவளும் கடைசியில் என் இடத்துக்கு வந்துவிட்டாள். அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்க விரும்பினேன். திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தேன்.

ஒன்பது முப்பதுக்குக் கதவு மறுபடி திறந்தது. "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். லிஃப்ட்ல வர்றாங்க."

அவள் என்னை நம்பி உள்ளே போனாள். ஒன்பது முப்பத்தைந்துக்கு அவளே ஓடி வந்தாள். சட்டையில் அவர் இருமித் தெறித்த இளஞ்சிவப்பு நுரை. நாற்பத்திரண்டு தப்படியை அவள் எத்தனை நொடியில் கடந்தாள் என்று நான் பார்க்கவில்லை. ட்ராலி வந்தது, எல்லாம் வந்தது. பதினோரு நிமிடம் முன்பே வந்திருந்தால் அந்த ஒரு ஊசி போதும். உங்களுக்கும் தெரியும். பத்து மணிக்கு அவர்கள் அவர் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார்கள். நான் மணி அடித்தேன். மற்ற மூன்று அறைகளில் தேர்வு நடந்துகொண்டிருந்தது, அவர்களுக்கு நேரம் முடிந்துவிட்டது. பத்தே காலுக்கு அவர் இறந்தார்.

அன்று மாலை நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில், ஒன்பது முப்பத்தைந்துக்கு முன் கதவு திறக்கவே இல்லை என்று எழுதினேன். அவள் மூன்று முறை திறந்ததாகச் சொன்னாள். நேரக் காப்பாளன் நான். அழுதுகொண்டிருந்தவள் அவள். நோயாளி மூழ்குவதை ஒரு மருத்துவர் அரை மணி நேரம் கவனிக்காமல் நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தார் என்று முடிவாயிற்று. அவள் தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. தையல்காரரின் மகள் அவளை வராந்தாவில் வைத்து, "எங்கப்பா உங்களை எல்லாம் பிள்ளைங்கன்னு சொல்வாரு" என்று கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். என் கூடப் படித்தவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"என் விடைத்தாளைத் திறந்து பாருங்கள், எல்லாம் அதில் இருக்கிறது" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தேர்வாளர்கள் இருவரும் சேர்ந்து இருந்தால்தான் உறையைத் திறக்க முடியும். வெளியிலிருந்து வந்தவர் ஊர் திரும்பிவிட்டார். அவர் மறுபடி வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த உறை ஐந்து வாரமும் என் அலமாரியில்தான் இருந்தது. ஏழாம் அறைத் தரையில் சிதறிக் கிடந்த தாள்களைப் பொறுக்கி, பக்க எண் பார்த்து அடுக்கி, முத்திரை வைத்தவன் நான். நான் படிக்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் விடைத்தாளைப் படிக்கக் கூடாது. நான் அந்த விதியை நான்கு ஆண்டுகளில் ஒரு முறையும் மீறியதில்லை. மீறியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன், நீங்களும் நானும் இன்று சந்தித்திருக்க மாட்டோம்.

இன்று காலை நீங்கள் அதை என் முன் வைத்தீர்கள். பக்க ஓரத்தில் அவள் நேரம் குறித்திருந்தாள். 9.24, புத்தகத்திடம் சொன்னேன். 9.26, நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டேன். 9.30, மறுபடி சொன்னேன், வருகிறார்கள். நீங்கள் நல்ல மனிதர். "உங்க கடிகாரம் ஓடாம நின்னிருக்கும். பதட்டத்துல நேரம் தப்பா எழுதிட்டீங்க. மாத்திரையும் அப்படித்தான், பெயர்த்து எழுதறப்ப ரெண்டு வரி விட்டுப்போச்சு. மறந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ஆறு மாசம் சஸ்பென்ஷனோட முடியும்" என்றீர்கள். அவளும் உங்களிடம் அப்படித்தான் சொன்னாளாம். வேணும்னு பண்ணியிருக்க மாட்டான், எனக்குத் தெரியும் அவனை என்று.

நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் தாள்களை முழுக்கப் படித்துவிட்டேன்.

இரண்டாம் பக்கத்தில் 9.12 என்று குறித்து எழுதியிருக்கிறாள்: துடிப்பு வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கிறது, மர்மர் முதலில் கேட்கவில்லை, எப்போதாவது ஒரு துடிப்புக்குப் பின் நீண்ட இடைவெளி வருகிறது, அந்த இடைவெளியில் மட்டும் கேட்கிறது. ஒழுங்கில்லாத துடிப்பில் அப்படி ஓர் இடைவெளி வரும் என்பது எனக்கும் தெரியும். நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. என் கணக்கில் அதைச் சேர்க்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அந்த இடைவெளியில் காத்திருந்து கேட்கக்கூடிய ஒரு காது என் கணக்கில் எப்போதும் இருந்ததில்லை. கேட்டாச்சுய்யா என்று அவள் சொன்னது பொய் இல்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது.

நோயைச் சரியாகச் சொல்லியிருக்கிறாள். வால்வின் அளவைக்கூட ஏறக்குறைய சரியாக ஊகித்திருக்கிறாள். தேர்வாளர்கள் இருவரும் சேர்ந்து அவளுக்கு மதிப்பெண் போடப்போகிறார்கள் என்று சொன்னீர்கள். தேறிவிடுவாள். போடட்டும். ஆனால் நான்காம் பக்கத்தை நீங்கள் அவர்களுக்குக் காட்ட வேண்டும். நோயாளி திடீரென்று மோசமானதற்குக் காரணம் என்ன என்று எழுத வேண்டிய இடம் அது. எங்கள் தேர்வில் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. அதில் அவள், "மூன்று நாளாக இரண்டு மாத்திரைகள் தரப்படவில்லை, மறந்துவிட்டிருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாள்.

இது பிழையான விடை. தையல்காரர் சொன்னதை ஆராயாமல் அப்படியே எழுதியிருக்கிறாள். நியாயமாகத் திருத்தினால் அரை மதிப்பெண்ணாவது குறைக்க வேண்டும். நான் மறக்கவில்லை.